பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கரும் கீழ்வீட்டுக் காதும்

எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஸ்பீக்கரைப் பற்றிக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அது தவறு. அடிக்கிற ரப்பர் தட்டுகள் எந்தக் கம்பெனியானாலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அடி எதன் வழியாக வெளியே வருகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. இதை முதலிலேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால், மேடம், நீங்களும் நானும் இந்த விசாரணையில் சந்தித்திருக்கவே மாட்டோம்.

உங்கள் மன்றத்தின் படிவத்தில் "நடந்ததைச் சுருக்கமாக எழுதவும்" என்று போட்டு இரண்டு கோடு விட்டிருக்கிறீர்கள். இரண்டு கோட்டுக்குள் எழுதினால் நான் ஏதோ கெட்டவன் மாதிரி தெரிகிறது. எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதனால் தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன்.

நான் பத்தொன்பது வருடமாகக் காது பரிசோதிக்கிறவன். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, அதில் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஆள் உட்கார்ந்திருப்பார், வெளியே நான். மெல்லிய 'பீப்' ஒன்றை அனுப்புவேன். கேட்டால் அவர் கை தூக்குவார். இன்னும் மெல்லியதாக அனுப்புவேன். கை பாதி தூக்குவார், யோசிப்பார், இறக்குவார். இப்படி ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பேர். கேட்கிறதா இல்லையா என்ற சந்தேகத்தின் எல்லையிலேயே ஒருவன் பத்தொன்பது வருடம் குடியிருந்தால், ஒருநாள் அவனுக்கு எதையாவது ஓங்கி அடிக்கத் தோன்றும். இதை நான் என் தரப்பு நியாயமாகச் சொல்லவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன்.

ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, மனசுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்யுங்கள் என்று டாக்டரும் சொன்னார்.

"நடக்கப் போங்களேன். செருப்பு இருக்கு, ரோடு இருக்கு. வேற என்ன வேணும்?" என்றாள் என் மனைவி. அவள் பல் மருத்துவமனையில் உதவியாளர். நாள் முழுக்கப் பல் துளைக்கிற மெஷின் பக்கத்தில் நிற்கிறவள். வீட்டுக்கு வந்தால் ஃபேன் சத்தம்கூட வேண்டாம் என்பாள். இரண்டு பேரும் சத்தத்தில்தான் பிழைக்கிறோம். ஆனால் எனக்குப் பற்றாக்குறை, அவளுக்கு உபரி.

டிரம்ஸ் வந்தது. முதலில் ஹெட்போன் போட்டுத்தான் வாசித்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று மாதம், தினமும் மாலை ஆறரையிலிருந்து எட்டு வரை, பிறருக்குத் தொல்லை கொடுக்காமல் வாசித்தவன் நான். அதாவது, கொடுக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஹெட்போனுக்குள் எனக்கு ஒரு பெரிய மைதானமே கேட்கும். வெளியே இருப்பவர்களுக்கு யாரோ ஒருவன் கோபமாகக் காய் நறுக்குகிற மாதிரி கேட்குமாம். காலால் மிதிக்கிற பெடல் இருக்கிறதே, அது சத்தமே போடாது. நேராகத் தரைக்குள் இறங்கிவிடும்.

எங்கள் தரைதான் கடிகாரக்காரருக்குக் கூரை.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அறுபத்திரண்டு வயது. மனைவி இறந்து ஆறேழு வருடம். வீட்டின் முன்னறையிலேயே நீளமான மேசை போட்டுக் கைக்கடிகாரம் பழுது பார்ப்பார். ஒரு கண்ணில் லென்ஸ், கையில் இடுக்கி, முன்னால் எள் சைஸ் திருகாணிகள். பெண்கள் கட்டுகிற சின்னஞ்சிறு கடிகாரங்களை வேறு யாரும் தொடப் பயப்படுவார்கள். இவரிடம்தான் அனுப்பிவைப்பார்கள். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. முதல்முறை மேலே வந்த மாலையும் கதவைத் தட்டிவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நின்றுதான் பேசினார்.

"தம்பி, மேல ஏதாவது ரிப்பேர் வேலை நடக்குதா?"

"இல்ல அண்ணே. டிரம்ஸ் பழகறேன்."

"ஓ, நல்லது நல்லது. எட்டு மணி வரைக்கும் எனக்கு மேசையில வேலை இருக்கும். அதுக்கப்புறம் வாசிச்சீங்கன்னா சௌகரியமா இருக்கும்."

"எட்டு மணிக்கு நாங்க சாப்பிடற நேரம் அண்ணே" என்றேன். அது உண்மை. அவரும் அதை ஏற்றுக்கொண்டு தலையசைத்துவிட்டுப் போனார். எங்களுக்குள் ஒரு மனக்கசப்பும் இல்லை.

ஹெட்போனில் வேறு சிக்கல்கள் வந்தன. காது வேர்த்தது. மனைவி எதிரே நின்று வாயசைப்பாள், நான் தலையாட்டுவேன். அப்படித் தலையாட்டியதில் அவள் அண்ணன் குடும்பம் ஒன்பது நாள் வந்து தங்கிவிட்டுப் போனது. அன்றைக்கு முடிவு செய்தேன், ஸ்பீக்கர்தான் சரி என்று.

அந்த அண்ணன், அதாவது என் மச்சான், வாத்தியக் கருவிக் கடையில் வேலை செய்கிறவர். அவரிடம் யோசனை கேட்டேன்.

"வீட்டுக்குத்தானே மாப்ள? ஹெட்போன் போதுமே" என்றார்.

பத்து வருடம் கடையில் இருந்தும் வியாபாரம் தெரியாத மனிதர். நானே படித்துத் தெரிந்துகொண்டேன். டிவிக்கு வைக்கிற ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் டிரம் அட்டைப்பெட்டியை உதைக்கிற மாதிரி இருக்கும், கொஞ்சம் ஏற்றினால் கிழியும். கிட்டார் ஆம்ப் அதற்கு மேல் மோசம். கிட்டாருக்குத் தேவையான நடுச்சத்தத்தை முன்னால் தள்ளிவிட்டு மற்றதை விழுங்கிவிடும், சிம்பல் என்கிற பித்தளைத் தட்டின் கணீரெல்லாம் தகர டப்பா. கீபோர்டு ஆம்ப் பரவாயில்லை, ஆனால் மனசு நிறையாது. டிரம்ஸுக்கென்றே செய்த, மானிட்டர் என்கிற ஸ்பீக்கர் இருக்கிறது. பத்து இஞ்ச் ஊஃபர் உள்ளதே ஒரு படுக்கையறைக்குத் தாராளம் என்றுதான் எல்லா இடத்திலும் எழுதியிருந்தார்கள். தாராளம் என்பது அவரவர் மனசைப் பொறுத்தது. நான் பன்னிரண்டு இஞ்ச் வாங்கினேன்.

முதல் அடி அடித்தபோது என் நெஞ்செலும்பில் ஏதோ திறந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாக, கேட்டதா இல்லையா என்ற சந்தேகமே இல்லாத ஒரு சத்தம்.

மனைவி அன்றே செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கப் போய்விட்டாள். தினமும் ஆறரைக்குப் போய் எட்டுக்கு வருவாள். நாலு கிலோ குறைந்தாள். டாக்டர் எனக்குச் சொன்னது குடும்பத்தில் ஒருவருக்காவது பலித்தது.

கடிகாரக்காரர் அந்த வாரம் மூன்று முறை மேலே வந்தார். முதல் முறை, திருகாணி வைக்கிற தட்டு நடுங்குகிறது என்றார். இரண்டாம் முறை, ஒரு திருகாணி மேசையிலிருந்து தானாக நடந்துபோய்க் கீழே விழுந்துவிட்டது என்றார். மூன்றாம் முறை ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே வந்து ஸ்பீக்கரைப் பார்த்தார். ஒரு மாடு வாசலில் படுத்திருப்பதைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். திரும்பிப் போய்விட்டார். அந்த மௌனம் என்னைப் பாதித்தது. ஏதாவது செய்தாக வேண்டும் என்று உணர்ந்தேன்.

நான் பொறுப்பில்லாதவன் அல்ல. பழைய டென்னிஸ் பந்துகளைப் பலகைக்கடியில் வரிசையாகப் பதித்து, அதன்மேல் டிரம்ஸையும் ஸ்பீக்கரையும் ஏற்றினேன். அதிர்வு தரைக்குப் போகாது என்றார்கள். கொஞ்சம் குறைந்தது. குறைந்த அளவுக்கு ஸ்பீக்கரைக் கூட்டிக்கொள்ள முடிந்தது. மிச்சம் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, சத்தத்தைக் குறைப்பது. அதை நான் முழு நேர்மையோடு ஒரு நாள் மாலை முழுவதும் பரிசீலித்தேன். மற்றது, கேட்பதைக் குறைப்பது. அது என் தொழில்.

ஒருநாள் படியில் அவரைப் பார்த்து வணக்கம் சொன்னேன். ஏதோ யோசனையில் அவர் கவனிக்கவில்லை.

"அண்ணே, காது சரியாக் கேக்குதா?" என்றேன்.

கேள்வி கேட்பது குற்றமில்லை. அவர் நின்றார். "ஏன் தம்பி, கூப்பிட்டீங்களா?"

"ரெண்டு தடவை கூப்பிட்டேன்." ஒரு தடவைதான் கூப்பிட்டேன்.

அவர் முகம் சற்று மாறியது. "ஒருதடவை வந்து பாத்துக்கங்க அண்ணே. உங்ககிட்ட நான் காசு வாங்க மாட்டேன்" என்றேன். கடைசிவரை வாங்கவும் இல்லை. இதை என் எதிர்த்தரப்பும் மறுக்காது.

பரிசோதனைக்கு வந்தபோது சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தேன். முதல் பீப். கை தூக்கினார். குறைத்தேன், தூக்கினார். இன்னும் குறைத்தேன், தூக்கினார். மெஷினில் அதற்குக் கீழே எண்ணே கிடையாது என்கிற இடத்திலும் கை மேலே போனது. ஊசி விழுந்தால் எந்தப் பக்கமாக விழுந்தது என்று சொல்லிவிடுகிற காது அது. என் வாழ்நாளில் அப்படி ஒன்றை அதற்குமுன் ஒரே முறைதான் பார்த்திருக்கிறேன், ஏழு வயதுப் பெண் குழந்தையிடம்.

அப்போதுதான் நான் ஒலியை அனுப்புவதை நிறுத்தினேன். பொத்தானைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் கை தூக்கவில்லை. தூக்கவில்லை என்று குறித்தேன். மறுபடி காத்திருந்தேன். தூக்கவில்லை. குறித்தேன். அந்தத் தாளில் நான் குறித்தவை அனைத்தும் நடந்தவை. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வரைபடத்தைக் காட்டினேன். கோடு சறுக்குமரம் மாதிரி கீழே இறங்கியிருந்தது. அதை வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு நாளா எனக்குத் தெரியவே இல்லையே தம்பி."

"யாருக்குமே தெரியாதுண்ணே. மெதுமெதுவாத்தான் போகும்."

"என் வேலைக்குக் காதுதானே..." என்றார். நான் தண்ணீர் கொடுத்தேன்.

காதுக்குள் இறுக்கமாக உட்காருகிற மாதிரி அச்சு எடுத்து இரண்டு கருவி பொருத்தினேன். பேச்சுக்குத் தேவையான நடுச்சுருதியை மட்டும் உள்ளே விட்டேன். கீழே பேஸ் டிரம்முக்காக அடைத்தேன், மேலே சிம்பலுக்காக அடைத்தேன். கடிகாரத்தின் டிக் டிக் சிம்பலுக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்கிறது என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சிம்பலையும் யோசிக்க வேண்டியிருந்தது, மேடம்.

ஒரு சின்னச் சந்தேகத்தை முன்கூட்டியே தீர்த்துவைத்தேன். "தூங்கறதுக்குக் கழட்டும்போது கொஞ்ச நேரம் நல்லாக் கேக்கற மாதிரி இருக்கும் அண்ணே. அது மூளை பண்ற ஏமாத்து வேலை. அதை நம்பி மெஷினைப் போடாம விட்டுடாதீங்க, இருக்கறதும் போயிடும்."

அவர் தன் தொழிலை மதிக்கிறவர். அதனால் பிறர் தொழிலையும் மதிக்கிறவர். சொன்னதைச் சொன்னபடி செய்தார். விடிந்ததும் மாட்டுவார், படுக்கும்போது கழற்றுவார். இரண்டாவது வாரம், என் பரிசோதனை நிலையத்தில் ஓடாமல் கிடந்த சுவர்க்கடிகாரத்தைக் கொண்டுபோய்ச் சரிசெய்து தானே மாட்டிவிட்டும் போனார். "மேல வீட்டுல இப்படி ஒருத்தர் இருக்கறது என் அதிர்ஷ்டம்" என்றார். எனக்குக் கண் கலங்கியது. உண்மையாகவே கலங்கியது.

அதற்குப் பிறகு புகார் இல்லை. எனவே நான் பதினைந்து இஞ்ச் வாங்கினேன்.

ஒரு சிக்கலை நான் எதிர்பார்க்கவில்லை. பெரிய ஊஃபரின் அதிர்வைக் காது கேட்காவிட்டாலும் மேசை கேட்கும். ஒருநாள் படியருகே நிறுத்திச் சொன்னார்.

"கை நடுங்குது தம்பி. சாயங்காலத்துல ரொம்ப. இடுக்கி பிடிக்க மாட்டேங்குது."

நடுங்கியது கை இல்லை, மேசை. அதை நான் ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் வேறு பல வாக்கியங்கள் வரிசையில் நின்றன. "வயசாகுதில்லண்ணே" என்றேன்.

முதலில் பெண்களின் கடிகாரங்களைப் பழுதுபார்க்க வாங்குவதை நிறுத்தினார். பிறகு மற்றவற்றையும். ஓடுகிறதா இல்லையா என்று காதில் வைத்துப் பார்த்தால் எல்லாக் கடிகாரமும் செத்துக் கிடப்பதாகத் தோன்றுகிறது என்றாராம் என் மனைவியிடம். நாற்பது வருட வேலை. மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் மேசையைக் கொடுத்துவிட்டார். வாங்கியவன் ஒற்றை ஆளாக வந்திருந்ததால் நானும் ஒரு பக்கம் பிடித்து வண்டியில் ஏற்றினேன். கனமான மேசை. அது போனபிறகு கீழே முன்னறை வெறுமையாகிவிட்டது. காலியான அறை என்பதால் என் பேஸ் டிரம்முக்கு ஒரு தனி ஆழம் வந்தது. பானைக்கு மேல் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

மாலை நேரங்களில் அவர் ஜன்னலோரம் நாற்காலி போட்டு, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார். நடந்துவிட்டுத் திரும்பும் என் மனைவி தினமும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"ஏங்க, அவருக்குக் காது நல்லாத்தானே இருந்துச்சு? நான் பை திறக்கறப்ப ஜிப்பு சத்தத்தை வெச்சே நான்தான்னு கண்டுபிடிப்பாரே" என்றாள் ஒருநாள்.

"காதைப் பத்தி நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

அவள் பதில் சொல்லவில்லை. என் மனைவி பதில் சொல்லாத நாட்களை நான் இன்னும் கவனமாகக் குறித்து வைத்திருக்க வேண்டும்.

இனி எழுதுவது கடிகாரக்காரரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து. அதன் நகல் உங்களிடமும் இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருவிகளைத் துடைப்பதற்காகக் கழற்றி வைத்திருக்கிறார். மூடிய அலமாரிக்குள் டிக் டிக் என்று கேட்டிருக்கிறது. திறந்தால், யாரோ கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க வராத ஒரு கைக்கடிகாரம். கருவியை மாட்டினால் சத்தம் இல்லை. கழற்றினால் இருக்கிறது. மூளையின் ஏமாற்று வேலை என்று நான் சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. வேறு யாராயிருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள் அல்லது என்னை அடிக்க வந்திருப்பார்கள். இவர் யோசித்திருக்கிறார். மூளை ஏமாற்றுகிறதென்றால், கடிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது எப்படி ஏமாற்றும்?

என் மனைவியைக் கூப்பிட்டிருக்கிறார். அவர் வெளியே போய் நிற்க வேண்டியது, அவள் அலமாரியின் ஐந்து இழுப்பறைகளில் ஏதாவது ஒன்றில் கடிகாரத்தை ஒளிக்க வேண்டியது, அவர் உள்ளே வந்து எது என்று சொல்ல வேண்டியது. கருவி இல்லாமல் முப்பது தடவை. முப்பதும் சரி. கருவியோடு முப்பது தடவை. ஆறு சரி. ஐந்து இழுப்பறைக்குக் குத்துமதிப்பாகச் சொன்னாலே ஆறு வந்துவிடும். தொழில்முறையில் சொல்கிறேன், மிக ஒழுங்கான பரிசோதனை. என்னுடையதைவிட ஒழுங்கு.

அன்று மாலை இருவரும் சேர்ந்து மேலே வந்தார்கள். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அவர் நேராக வந்து இரண்டு கருவிகளையும் ஸ்நேர் தட்டின் நடுவில் வைத்தார். ஓங்கிய குச்சியை நான் நிறுத்த வேண்டியதாயிற்று.

"தம்பி, இது கேக்க வைக்கற மெஷினா, கேக்காம வைக்கற மெஷினா?"

"ரெண்டுக்கும் நடுவுலன்னு சொல்லலாம்ண்ணே."

அவர் கோபப்படவில்லை. வலது கையை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "பாருங்க. நடுங்குதா?"

நடுங்கவில்லை. கல்லில் செதுக்கியது மாதிரி நின்றது. என் மனைவி கதவருகில் அழுதுகொண்டிருந்தாள். எனக்காக இல்லை என்பது பார்த்த பார்வையிலேயே தெரிந்தது.

"சரி, வாசிங்க" என்றார் அவர்.

"என்னண்ணே?"

"எதுக்காக எனக்கு இதெல்லாம் நடந்துச்சுன்னு என் காதாலயே ஒருதடவை கேட்டுட்டுப் போறேன். வாசிங்க."

வாசித்தேன். ஸ்பீக்கரைக் குறைக்கவில்லை. குறைத்திருந்தால் அது அவரை அவமதிப்பதாகும். நாலு நிமிடம், எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசித்தேன். அவர் நாற்காலியில் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்கிற அதே தோரணையில் கேட்டார். ஒரு வருடமாக என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. முடித்ததும் நான் காத்திருந்தேன். கண்ணாடி அறைக்குள் இருப்பவர் கை தூக்குவாரா என்று காத்திருப்பேனே, அப்படி.

அவர் கண்ணைத் திறந்தார். "நாலாவது அடி லேட்டா வருது தம்பி. ஒவ்வொரு சுத்துலயும்" என்றார். எழுந்து, படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் உங்களுக்கு எழுதினார்.

இப்போது அவருடைய மேசை திரும்ப வந்துவிட்டது. இறக்கும்போது நானும் ஒரு கை கொடுக்கப் போனேன். வேண்டாம் என்றார். முன்னறையில் மறுபடி விளக்கு எரிகிறது, பெண்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். என் மனைவி அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அங்கே ஹெட்போன் போதும் என்கிற ஆட்கள்.

ஆகவே, மேடம், உங்கள் படிவத்துக்கு என் பதில் இது. செவிடன் காதில் சங்கு ஊதுவது வீண் வேலை என்பார்கள். நான் சங்கு ஊதுவதற்காக, நன்றாகக் கேட்கிற ஒரு மனிதரைச் செவிடர் என்று நம்பவைத்தேன். ஒலி அனுப்பாமல் வரைபடம் தயாரித்தேன். கேட்கும் கருவி என்று சொல்லி அவர் காதை அடைத்தேன். கை நடுங்கவில்லை என்று தெரிந்தும் நடுங்குகிறது என்று நம்பவிட்டேன். அவர் தொழிலை மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், மூடுவதற்கு ஒரு பக்கம் பிடித்தும் கொடுத்தேன். இவை அனைத்தையும் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் ஒப்புக்கொள்கிறேன். என் உரிமத்தையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு திருத்தம் மட்டும். புகாரின் இரண்டாவது பத்தியில், அவருடைய செவித்திறன் எந்தக் குறையும் இல்லாதது என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் நீக்கிவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பத்தொன்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், என் நாலாவது அடி தாமதமாக வருவதாக ஒருவருக்குக் கேட்கிறதென்றால், அவர் காதில் நிச்சயமாக ஏதோ கோளாறு இருக்கிறது.